அவர் விட்டுவிட்ட அத்தியாயம்

அந்தப் படத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எந்த நாவலிலிருந்து எடுத்தார்கள் என்பதையும் சொல்லப் போவதில்லை. நாவலின் மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அதன் பெயரைச் சொன்னால் படத்தின் பெயர் தெரிந்துவிடும். தெரிந்தால் நாலு பேர் தேடிப் பார்ப்பார்கள். அந்த நாலு பேரைக்கூட அந்த இயக்குநருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். வீடு தாமிரபரணியின் வடகரையில் ஒரு கிராமத்தில். கல்லூரிக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எதிர்வீட்டில் என் அக்கா. எங்களுக்குள் பதினொரு வயது வித்தியாசம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவள் அவள். நாற்று நட்டும் களை பறித்தும், வயல் வேலை இல்லாத நாட்களில் பீடி சுற்றியும் என்னைப் படிக்க வைத்தாள். அத்தான் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஒரே மகன், கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கல்யாணமாகி அந்தப் பக்கமே குடியிருக்கிறான்.

அக்காவின் வாய் எங்கள் பக்கத்தில் பிரசித்தம். நடவு வயலில் இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்தால் பத்தாவது நிமிடம் அவள் ஆரம்பித்துவிடுவாள். ஒருமுறை வயல்காரர் வரப்பில் குடையை விரித்துக்கொண்டு வெகுநேரம் நின்று நடவு நடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிமிரக்கூட இல்லை.

“அண்ணாச்சி, கொடைய மடக்குங்க. ஒழுங்கா விரியவும் மாட்டேங்கு, மடங்கவும் மாட்டேங்கு. அத எதுக்குத் தூக்கிட்டு அலையுதிய?”

வயல் முழுக்கச் சிரிப்பு. நடவு வரிசையில் வயல்காரரின் மனைவியும் இருந்தார். அவர்தான் சேற்றில் உட்கார்ந்தே சிரித்தார். வயல்காரரும் சிரித்துவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கெட்ட வார்த்தை கேட்டு முகம் சுளிக்கிற ஆட்கள் அல்ல நாங்கள். பின்னால் நடந்ததை அப்படி யாரும் புரிந்துகொள்ளக் கூடாது.

அந்த நாவல் ஒரு ஜமீன்தாரைப் பற்றியது. வயசான, தொந்தி சரிந்த ஜமீன்தார். அத்தியாயத்துக்கு ஒரு பெண்ணைத் துரத்துவார், அத்தியாயத்துக்கு ஒருமுறை மூக்குடைபடுவார். கொச்சைக்குக் குறைவில்லாத புத்தகம். ஆனால் சிரிப்பு முழுவதும் ஜமீன்தாரின் தலையில்தான் விழும், பெண்கள் மேல் ஒரு சொட்டுத் தெறிக்காது. பிறகு வந்த பதிப்புகளில் பச்சையான இடங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். வெட்டாத பழைய பதிப்பு ஒன்று எங்கள் நூலகத்தில் இருக்கிறது. அதைத் தேடித்தான் இயக்குநர் சென்னையிலிருந்து வந்தார்.

கழுத்தில் ஒரு துண்டு, காலில் தோல் செருப்பு, நாற்பத்தைந்து வயது. “எங்கம்மா தச்சநல்லூர்தான் வே” என்று என்னிடம் கையை நீட்டினார். எங்கள் ஊரில் பெண்பிள்ளையிடம் யாரும் ‘வே’ போட்டுப் பேச மாட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நாலு நாள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாசித்தார். புரியாத சொற்களுக்கெல்லாம் நான் பொருள் சொன்னேன். இருபது வருடமாக யாரும் கேட்காத புத்தகத்தை ஒருவர் கேட்டு வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். ‘இப்படிப் பேசுற ஆளுங்க இப்பவும் இருக்காங்களா?’ என்று கேட்டார். ‘எங்க அக்கா இருக்கா’ என்றேன். அதைச் சொன்ன வாயை எத்தனையோ நாள் நானே அறைந்துகொள்ளலாம் என்று இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தார். அக்கா வைத்த சாளை மீன் குழம்பில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தாள். வயல் கதை, பீடிக் கடைக் கதை, தன் உடம்பைப் பற்றிய கேலி என்று கொட்டித் தீர்த்தாள். “நான் நடந்து வந்தா ஆனித் தேருல்லா வருது. வடம் அந்துபோச்சுன்னா முட்டுக்கட்ட போட ஊர்ல ஆம்பள இல்ல” என்றாள். இயக்குநர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்துகொண்டார். புறப்படும்போது, ஆற்றில் பெண்கள் குளிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது, அதற்கு உங்கள் ஊர்ப் பெண்களே வேண்டும் என்றார்.

ஏழாவது அத்தியாயம் அது. நாவலிலேயே என்னை அதிகம் சிரிக்க வைத்த இடம். ஆற்றில் பெண்கள் குளிப்பதைப் பார்க்க ஜமீன்தார் கோரைப் புல்லுக்குள் ஒளிந்திருப்பார். தலைப்பாகைக் குஞ்சம் வெளியே ஆடுவதைக் கூட்டத்தில் மூத்தவள் பார்த்துவிடுவாள். ‘கோரைக்குள் ஒரு எருமை படுத்திருக்கிறது’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எல்லோருமாகப் போய் அவரை இழுத்துத் தண்ணீரில் போடுவார்கள். சேறு பூசுவார்கள். உடுப்பைப் பறித்துக்கொண்டு ஒரு சேலையைச் சுற்றிவிட்டு உச்சி வெயிலில் அரண்மனைத் தெரு வழியாக நடக்க விடுவார்கள்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் நான் பெண்களைக் கூட்டினேன். ‘ஜமீன்தாருக்குச் சேறு பூசப் போறோம்’ என்றதும் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அக்காதான் முதல் ஆள்.

அந்தக் காலத்தில் ரவிக்கை கிடையாது என்று உடுப்புக்காரர்கள் வெறும் சேலையைக் கொடுத்தார்கள். பெண்கள் தயங்கினார்கள். இயக்குநரே படித்துறைக்கு இறங்கி வந்தார். “எல்லாம் தூரத்து ஷாட்டும்மா. யாரு முகமும் தெரியாது. தண்ணியும் கூட்டமும்தான் தெரியும்” என்றார். ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். வருகைப் பதிவு என்றார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. நான் கூட வாசித்துப் பார்க்கவில்லை. படித்தவள் நான் ஒருத்திதான் அங்கே.

காலையிலிருந்து மதியம் வரை குளித்தார்கள். படியேறும்போது அக்காவுக்குப் பாசி வழுக்கியது. ஈரச் சேலை நெகிழ்ந்தது. அவள் ஒரு கையால் படியைப் பிடித்து மறு கையால் சேலையை அள்ளிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். எதிர்க்கரையில் ஒரு கருப்புத் துணிக் கூடாரம் இருந்தது. அதற்குள் நீளமான லென்ஸ் வைத்த இன்னொரு கேமரா இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சேறு பூசுவது எப்போது என்று அக்கா கேட்டாள். நடிகருக்கு நேரமில்லை, இன்னொரு நாள் எடுப்போம் என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே ஒரு வேன் பிடித்து மதியக் காட்சிக்குப் போனோம். இரண்டு வரிசை நாங்கள்தான். அக்கா எனக்கு வலப்பக்கம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் படித்துறை வந்தது. பெண்கள் எல்லாம் ‘ஏட்டி, நம்ம ஊரு’ என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

பிறகு திரை முழுக்க அக்கா. கூட்டமில்லை, தூரமில்லை. அவள் வழுக்குகிறாள், சேலை நெகிழ்கிறது, அள்ளுகிறாள். அதை மெதுவாக்கி, மறுபடியும் மெதுவாக்கி, மூன்று முறை காட்டினார்கள். கோரைக்குள்ளிருந்து வேலைக்காரன் சொல்கிறான், “ஐயா, ஆனித் தேரு கெளம்பிருச்சு.” ஜமீன்தார் சொல்கிறார், “வடம் அந்துபோச்சேலே. முட்டுக்கட்ட போட ஆளிருக்கா?” தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. விசில். அதோடு ஒரு பாட்டு. சேறும் இல்லை, எருமையும் இல்லை. ஜமீன்தார் சுகமாகப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போகிறார்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவள் வாய் பாதி திறந்திருந்தது. சிரிக்க ஆரம்பித்த வாய் அப்படியே நின்றுவிட்டிருந்தது. கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைச் சுருட்டிச் சுருட்டி ஒரு குச்சி மாதிரி ஆக்கிவிட்டாள். இடைவேளையில் எழுந்தவள் உள்ளே திரும்பி வரவில்லை. படம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த இடத்தை மட்டும் வெட்டி ஆளாளுக்குக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டார்கள். பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்து ‘தேரு வருதுலே’ என்றார்கள். கங்கைகொண்டானில் மகனோடு வேலை பார்க்கிறவர்கள் அந்த வசனத்தைக் கைப்பேசியில் அழைப்பு மணியாகவே வைத்துக்கொண்டார்களாம். அவன் ஒருவனை அடித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, “ரவிக்கை இல்லாம எதுக்கும்மா போய் நின்ன? ஒனக்கு வயசு என்ன?” என்று கத்தினான். அக்கா அவனுக்குச் சோறு போட்டாள். அவன் போன பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“நீதானளா கூட்டிட்டுப் போன.”

அன்றைக்குப் பிறகு அவள் ஆற்றுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் வாளித் தண்ணீரில் குளித்தாள். நடவுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. எல்லாவற்றையும் விட எனக்குத் தாங்க முடியாதது, அவள் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். கறிவேப்பிலை கேட்டால் கறிவேப்பிலை கொடுத்தாள். ‘சாப்பிட்டியா’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்றாள். ஒருநாள் நான் வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னாள்.

“என்னைய நானே தேருன்னு சொன்னா அது கேலி. அத அவன் களவாண்டு ஒளிஞ்சு நின்னு பாக்குதவன் வாயில கொடுத்திருக்கான். எஞ்சிரிப்ப எடுத்து என் மேலயே ஊத்திட்டாம்ளா.”

இயக்குநரைக் கைப்பேசியில் பிடிக்க ஒன்பது நாளாயிற்று. அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள் என்றேன். “என்னங்க இது, காமெடிதானே? நாவல்லயே இருக்கே” என்றார். நாவலை அவருக்கு எடுத்துக் கொடுத்த என்னிடமே சொன்னார். ஏழாவது அத்தியாயம் எங்கே என்று கேட்டேன். “ஹீரோ அடி வாங்கினா ஆடியன்ஸ் ஏத்துக்க மாட்டான். உங்க அக்காவ ஊரே பேசுது, சந்தோஷப்படுங்க” என்று வைத்துவிட்டார்.

காவல் நிலையத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர் மனுவை வாசிக்கும் முன் அந்தக் காட்சியைக் காட்டச் சொன்னார். பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டு மறுபடி பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, “படம் எடுக்கச் சம்மதம்னு கையெழுத்து வேற போட்டிருக்காங்களேம்மா. இதுல என்ன கேஸ் போடச் சொல்லுதிய?” என்றார். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுங்கள் என்று நின்றேன். வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்த இயக்குநரை ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் இருந்தது. என்னவென்று தெரியவில்லை. அவர் கார் கவிழ வேண்டும், கேமராவெல்லாம் எரிய வேண்டும் என்றெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டு போவேன். நிறுத்தம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். புத்தகங்களுக்கு எண் ஒட்டும்போதுகூட அவர் முகம்தான் எதிரில் நிற்கும்.

படம் வந்து ஆறு வாரம் இப்படிப் போனது. பிறகு அவரே கூப்பிட்டார்.

படம் ஐம்பது நாள் ஓடப் போகிறதாம். படமெடுத்த இடத்துக்கே வந்து ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்லப் போகிறாராம். ஒரு யூடியூப் சேனல்காரர்கள் நேரடியாக ஒளிபரப்புகிறார்களாம். “அந்தப் பொம்பளைங்க எல்லாரும் படித்துறைக்கு வரணும். அக்கா கண்டிப்பா வேணும். அவங்கதான் ஸ்டாரே” என்றார். லைனில் இருக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டார்.

“கூட்டிட்டு வாரேன் சார்” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பழைய பதிப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வெளியே கொண்டுபோகக் கூடாத புத்தகம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் மடியில் பீடித் தட்டோடு எங்கள் தெரு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போய் உட்கார்ந்து ஏழாவது அத்தியாயத்தை உரக்க வாசித்தேன். படத்தில் என்ன வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டார்கள். எருமை வந்த இடத்தில் ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. ஜமீன்தாருக்குச் சேலை சுற்றுகிற இடத்துக்கு நான் வந்தபோது கதவு திறந்தது.

“ஏளா, அந்த எருமைக் கட்டத்த இன்னொரு தடவ வாசி.”

வாசித்தேன். நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். முடிந்ததும் இயக்குநர் என்றைக்கு வருகிறார் என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்றேன்.

“சேறு எடுத்து வைப்போமாக்கா?” என்றாள் ஒருத்தி.

“சேறு வேண்டாம்ளா” என்றாள் அக்கா. “பூசினா மறைச்சிரும்லா.”

ஆறு வாரம் கழித்து வந்த கேலி. இருபத்திரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கை எழும்பிப் போனது. நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் பட்டுச் சட்டையும் சரிகை வேட்டியுமாக வந்தார். தெரு குறுகல் என்பதால் காரை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு இரண்டு தெருவும் மந்தைத் திடலும் தாண்டி நடந்து வர வேண்டியிருந்தது. கேமராக்காரர்கள் இரண்டு பேர், தியேட்டர்க்காரர்கள் நாலு பேர். பெண்கள் எல்லோரும் ரவிக்கை போட்டு, சேலைக்கு ஊக்குக் குத்தி, இடுப்பளவு தண்ணீரில் காத்திருந்தார்கள். அக்கா கையில் ரோஜா மாலை. நான் படியில் நின்று, எங்கள் ஊரில் ஆற்றில் மூன்று முங்கு போட்டு எழுந்தவர்களுக்குத்தான் மாலை போடுவோம் என்று சொன்னேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. முந்தின நாள் நான் உண்டாக்கியது.

“சூப்பர். இத அப்படியே லைவ்ல போடுங்கப்பா” என்றார். சட்டையைக் கழற்றித் தியேட்டர்க்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். பெண்கள் வழிவிட்டார்கள். அவர் நடுவே போனதும் வழி மூடிக்கொண்டது.

“முங்குங்க தம்பி” என்றாள் அக்கா. “ஒண்ணு... ரெண்டு...”

மூன்றாவது முங்கில் அக்கா ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். வயலில் நாற்று முடியைப் பிடுங்குகிற கை. சரிகை வேட்டி தண்ணீருக்கு மேலே வந்து விரிந்து, ஆற்றோடு ஸ்ரீவைகுண்டத்தைப் பார்க்கப் போய்விட்டது. எழுந்தவர் அப்படியே கழுத்தளவு உட்கார்ந்துவிட்டார். உள்ளே சிறியதாக ஒரு ஜட்டி மட்டும் இருந்தது. அந்த வாரம் மழையில்லை. அடி மணல் தெரிகிற தண்ணீர்.

“அக்கா, வேட்டி... வேட்டியப் பிடிங்க...”

“போனது போகட்டும் தம்பி” என்று அக்கா அவர் கழுத்தில் நிதானமாக மாலையைப் போட்டாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தான், ஆனால் கேமராவைக் கீழே இறக்கவில்லை.

“எல்லாரும் பாத்துக்கிடுங்கடி” என்றாள் அக்கா. “என்னையத் தேரு தேருன்னு ஊரெல்லாம் காட்டினானே, இவன்கிட்ட எந்தத் தேரு இருக்குன்னு நானும் பாத்துட்டேன். தேருக்கு முன்னால சின்னதா ஒரு சப்பரம் போகும்லா? அதுகூட இல்ல. நாலு வீதி சுத்தணும்னு ஆச வேற.”

இருபத்திரண்டு பேரும் குலவையிட்டார்கள். அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு “கேமராவ ஆஃப் பண்ணுங்கடா” என்று கத்தினார். கத்த எழுந்தால் எல்லாம் தெரியும், உட்கார்ந்தால் குரல் எழும்பாது. மூன்று முறை எழுந்து மூன்று முறை உட்கார்ந்தார்.

படியில் அக்காவின் கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்று மடித்து வைத்திருந்தது. தியேட்டர்க்காரர்கள் தங்கள் வேட்டியைக் கொடுக்க முடியுமா? சட்டையை வைத்திருந்தவரோ கூட்டம் கூடுவதைப் பார்த்து எப்போதோ கழன்றுவிட்டார். ஐந்து நிமிடம் தண்ணீரில் இருந்து பார்த்துவிட்டு அவரே கையை நீட்டிச் சேலையைக் கேட்டார். யாரும் அவரைத் தொடவில்லை. அவர் கையாலேயே சுற்றிக்கொண்டார். கொசுவம் வைக்கத் தெரியவில்லை. ஒரு கையில் முந்தானை, ஒரு கையில் இடுப்பு என்று பிடித்துக்கொண்டு, கழுத்தில் ரோஜா மாலையோடு படியேறி, மந்தையைத் தாண்டி, இரண்டு தெருவையும் நடந்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள். கைகளில் கைப்பேசி. பின்னால் குலவை.

நான் கூடவே நடந்தேன். முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாய் பாதி திறந்திருந்தது. தியேட்டரில் அக்கா முகத்தில் கண்டது அப்படியே இருந்தது. நல்லவளாக இருந்திருந்தால் அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்கும். வரவில்லை. நடந்தது சரியா என்று பின்னால் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எங்கள் கல்லூரியிலேயே ஒரு பேராசிரியை, ‘அவர் செய்ததைத்தானே நீங்களும் செய்தீர்கள்’ என்றார். ஆமாம், அதைத்தான் செய்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வருத்தம், எங்கள் ஊரில் இன்னும் ஒரு தெரு இருந்திருக்கலாம் என்பதுதான்.

இந்த முறை காவல் நிலையத்திலிருந்து ஜீப்பே வந்துவிட்டது. அதே உதவி ஆய்வாளர். வேட்டியை உருவியது, மானபங்கம் செய்தது என்று புகாராம். அக்காவும் நானும் போனோம். நான் ரசீதை மேஜையில் வைத்தேன். “எங்க மனு ஒரு மாசத்துக்கு முன்னாலயே இருக்கு சார். ரெண்டையும் சேத்துப் பதியுங்க. ஒண்ண மட்டும் பதிஞ்சியன்னா நான் மதுரைக்குப் போய் ஹைகோர்ட்டுல கேப்பேன்” என்றேன். அவர் ரசீதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை அவருக்கு.

நாலாம் நாள் தயாரிப்பாளரின் வக்கீல் வந்தார். புகாரைத் திரும்பப் பெறுகிறோம், நீங்களும் மனுவைத் திரும்பப் பெறுங்கள் என்றார். அந்தக் காட்சி இனி எங்கும் வரக் கூடாது, அதைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று அக்கா சொன்னாள். வரிவரியாக நான் வாசித்துக் காட்டிய பிறகுதான் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டாள். படம் ஓடிடி செயலியில் வந்தபோது போட்டுப் பார்த்தேன். அவள் இருந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு கொக்கும் இருந்தன. ஆனால் ஆட்கள் வெட்டி அனுப்பியது எத்தனையோ கைப்பேசிகளில் இன்னும் கிடக்கும். அதை யாராலும் அழிக்க முடியாது. அவர் சேலையில் நடந்ததையும் அழிக்க முடியாது. அவருடைய அடுத்த படத்தின் அறிவிப்புக்குக் கீழே யார் யாரோ ‘சப்பரம்’ என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். இரண்டு மூன்று நான் போட்டதும் உண்டு.

கல்லூரியில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வெளியே எடுத்துச் செல்லக் கூடாத புத்தகத்தை எடுத்துப் போனது தவறு என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். வேறெதற்கும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்கா மறுபடி நடவுக்குப் போகிறாள். ‘போதும்டி, அவன விட்டுத்தொல’ என்று என்னிடம் சொல்கிறாள். அவள் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. நான் விடவில்லை. அவரைக் கூட்டிவந்து அவள் எதிரே உட்கார வைத்தவள் நான். அந்தக் கணக்கில் எனக்கு நானே இன்னும் மன்னிப்புக் கொடுக்கவில்லை. அவருக்கு எப்படிக் கொடுப்பேன்?

விடுமுறை நாட்களில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். புதிதாக நடவுக்கு வந்த பெண்கள் யாராவது கேட்டால் அக்கா அந்தக் கதையை எடுத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் ஊரில் தெரு கூடிக்கொண்டே போகிறது. இயக்குநர் அழுததாகச் சொல்கிறாள். அவர் அழவில்லை. சேலைக்கு உள்பாவாடை கேட்டதாகச் சொல்கிறாள். அதுவும் கேட்கவில்லை. தண்ணீருக்கடியில் தான் பார்த்ததைப் பற்றி அவள் சொல்கிற அளவு மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகிறது. போன வாரம் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

நான் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தேன். நடவுக்குப் புதிதாக வந்தவள் ஒருத்தி என் பக்கம் திரும்பி, “நெசமாவாக்கா?” என்றாள்.

“அவ்வளவு பெருசுகூட இல்லளா” என்றேன்.